படுத்தால் 68, நின்றால் 118: வீட்டு பிபி கருவியுடன் 14 மாதங்கள்

2024 ஜூன் மாதத்தில், திருச்சி புத்தூரில் உள்ள ஒரு சர்ஜிகல் கடையில் 2,150 ரூபாய் கொடுத்து டிஜிட்டல் பிபி கருவி ஒன்றை வாங்கினோம். மேற்கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினால், தானே காற்றை ஏற்றி இறக்கி, மேல் அழுத்தம், கீழ் அழுத்தம், நாடித்துடிப்பு ஆகிய மூன்று எண்களையும் திரையில் காட்டும் சாதாரண வகைக் கருவி அது. புளூடூத், கைப்பேசிச் செயலி எதுவும் கிடையாது. இரண்டு பேருக்குத் தனித்தனியாக 60 அளவுகள் வரை நினைவில் வைத்திருக்கும். இத்தகைய கருவிகளைப் பற்றி இணையத்தில் கருத்து எழுதுபவர்களில் பெரும்பாலோர் இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர்களாகவோ அவர்களின் பிள்ளைகளாகவோ இருக்கிறார்கள். நான் எழுதுவது வேறொரு வகைக் குடும்பத்துக்காக: இருபது வயதைத் தாண்டிய பிள்ளை எழுந்து நடமாட முடியாமல் மாதக்கணக்கில் கிடக்க, எடுத்த பரிசோதனை அத்தனையும் ‘நார்மல்’ என்று வர, அடுத்து யாரிடம் போவது என்று தெரியாமல் நிற்கும் குடும்பத்துக்காக. அப்படிப்பட்ட வீட்டுக்கு, நாங்கள் செலவழித்த பணத்திலேயே அதிகப் பயன் தந்தது இந்த 2,150 ரூபாய்தான் என்று உறுதியாகச் சொல்வேன். ஆனால், வாங்கி வந்த முதல் ஐந்து வாரங்கள் இதே கருவிதான் எங்களைத் தவறான வழியில் அலைய விட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

என் மகளுக்கு இப்போது 22 வயது. கோவையில் விடுதியில் தங்கி இளங்கலை மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, 2023 நவம்பர் மழையில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது, அசதி விடவில்லை. மெஸ்ஸில் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்கும்போது நெஞ்சு படபடவென்று அடிப்பதாகவும், கண் இருட்டிக்கொண்டு வருவதாகவும், குளித்து வந்தால் அரைமணி நேரம் படுத்தால்தான் தலைதுவட்டவே தெம்பு வருவதாகவும் தொலைபேசியில் சொன்னாள். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. அடுத்த ஐந்து மாதங்களில் ஏழு மருத்துவர்களைப் பார்த்தோம். ஹீமோகுளோபின் 12.4 இருந்தது. தைராய்டு, சர்க்கரை, பி12, சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் சரி; இசிஜி, எக்கோ, மூளை எம்ஆர்ஐ எல்லாம் சரி. ஓரிடத்தில் பரீட்சை பயம் என்றார்கள். ஓரிடத்தில் சத்துக் குறைவு என்று டானிக் எழுதினார்கள். என் மாமியார் சமயபுரத்துக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டார். என் நாத்தனார், “கல்யாணம் பண்ணி வச்சா எல்லாம் சரியாப் போயிடும் அண்ணி” என்றார். மருத்துவக் காப்பீடு இருந்தும், உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் பணம் கிடைக்கும் என்பதால், வெளிநோயாளிச் செலவு முழுவதும் எங்கள் கையிலிருந்தே போயிற்று. மூன்று சவரன் நகைக்கடனுக்குப் போனது அந்தக் கோடையில்தான். முடிவுகள் சரியாக வருவதைக் கண்டு மகிழ வேண்டிய நாங்கள், ஒவ்வொரு முறையும் மகளின் முகம் இன்னும் சுருங்குவதைப் பார்த்தோம். ஏனென்றால் ஒவ்வொரு ‘நார்மல்’ முடிவும், அவள் சொல்வதை நம்பாமல் இருப்பதற்கு மற்றவர்களுக்குக் கிடைத்த இன்னொரு சான்றாக ஆகிவிட்டது.

வீட்டிலேயே பிபி பார்த்து எழுதிவாருங்கள் என்று ஒரு மருத்துவர் சொன்னதால்தான் கருவி வாங்கும் எண்ணமே வந்தது. முதலில் மணிக்கட்டில் கட்டும் வகையை இணையத்தில் 1,400 ரூபாய்க்கு வாங்கினோம். அது எங்களுக்குச் சரிப்படவில்லை. கையை வைக்கும் உயரம் இதயத்தின் மட்டத்திலிருந்து 10 சென்டிமீட்டர் ஏறினாலோ இறங்கினாலோ அளவில் 7 முதல் 8 மி.மீ. பாதரசம் வரை மாறிவிடும் என்பது அழுத்தத்தின் இயற்கை விதி. மணிக்கட்டு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே ஐந்து நிமிடத்தில் 92, 110, 101 என்று மூன்று விடைகள் வந்தன. மேற்கைப் பட்டையிலும் இந்த விதி உண்டு என்றாலும், மேற்கை இயல்பாகவே இதயத்தின் மட்டத்தில் இருப்பதால் பிழை குறைவு. ஆகவே, எவ்வளவு கையடக்கமாகத் தோன்றினாலும் மணிக்கட்டுக் கருவியை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மேற்கைக் கருவியில் நாங்கள் செய்த தவறு பட்டையைப் பற்றியது. இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இளம் வயதுப் பெண்கள் உள்ள பல வீடுகளில் இதே தவறு நடக்கக்கூடும். பெட்டியுடன் வருகிற பட்டையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் ‘22 - 32 செ.மீ.’ என்று அச்சிட்டிருந்தது. எங்களுக்கு விற்ற கடையில் அதைப் பற்றிக் கேட்டபோது, “எல்லாருக்கும் ஒரே சைஸ்தாம்மா, இறுக்கிச் சுத்துங்க போதும்” என்று சொல்லிவிட்டார்கள். மகளுக்கோ 48 கிலோ இருந்த எடை 42 ஆகியிருந்தது. ஒரு நாள் பட்டை அவள் கையில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சுற்று வருவதைக் கண்டு, தையல் மெஷின் டிராயரிலிருந்து இஞ்சு டேப்பை எடுத்து, தோள்பட்டைக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றிப் பார்த்தேன்: எட்டேகால் அங்குலம், அதாவது 21 சென்டிமீட்டர். இந்தக் கருவிக்குள் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கும் காது எதுவும் இல்லை. பட்டையில் காற்று இறங்கும்போது தமனியின் துடிப்பு அந்தக் காற்றில் உண்டாக்கும் மெல்லிய அதிர்வுகளை உணரி பிடிக்கிறது, அதிர்வு உச்சமாக இருக்கும் இடத்தைச் சராசரி அழுத்தமாகக் கொண்டு, மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கணக்குப் போட்டுத் தருகிறது. பட்டை கைக்குப் பொருந்தாவிட்டால் அந்தக் கணக்கே பிசகும். பட்டை சிறியதானால் அளவு கூடுதலாகவும், பெரியதானால் குறைவாகவும் காட்டும்.

எங்கள் வீட்டில் நடந்தது இரண்டாவது. பெரிய பட்டை அவளுக்கு 94/58, 92/56 என்று காட்டிக்கொண்டே இருக்க, ‘லோ பிபி’ என்று நாங்களே ஒரு பெயரைச் சூட்டிவிட்டோம். அப்பாடா, ஒரு பெயர் கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் உறவினர் எல்லோருக்கும் அதையே சொன்னோம். பீட்ரூட், மாதுளை, பேரீச்சை என்று வீடு நிரம்பியது. சிறிய பட்டைக்குத் தனியாகச் சொல்லிவைத்து, 650 ரூபாய் கொடுத்து, 16 நாள் காத்திருந்து வாங்கி மாட்டியபோது, அதே பெண்ணுக்கு உட்கார்ந்த நிலையில் 104/66 வந்தது. நோயின் பெயர் என்று நாங்கள் நம்பியதில் பாதி, பொருந்தாத பட்டை சொன்ன பொய். கருவியை வாங்கும் முன்பே மேற்கையை அளந்துகொண்டு போங்கள். அந்த மாடலுக்குச் சிறிய பட்டை தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு, கிடைக்காது என்றால் வேறு மாடலைப் பாருங்கள். இந்த ஒன்றை யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

சரியான பட்டை வந்த பிறகும் விஷயம் விளங்கவில்லை. கையேட்டில் எழுதியிருப்பதை எழுத்துத் தவறாமல் செய்தோம்: ஐந்து நிமிடம் ஓய்வாக உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கால்மேல் கால் போடாமல், பேசாமல், காபி குடித்து அரைமணி நேரம் கழித்து. ஒவ்வொரு முறையும் நல்ல எண்கள். அதாவது, வீட்டிலும் ‘நார்மல்’. இந்த எண்களை எழுதி எடுத்துக்கொண்டு எட்டாவதாக ஒரு பொது மருத்துவரிடம் போனோம். அவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, “இது எல்லாமே உக்காந்து எடுத்ததா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “உங்க பொண்ணுக்கு உக்காந்தா ஒண்ணும் பண்ணலியேம்மா, நின்னாத்தானே பண்ணுது” என்றார். மகளைக் கட்டிலில் படுக்க வைத்து நாடியைப் பார்த்து, பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிடம் அவளுடனேயே நின்றார். ஐந்து மாதங்களில் ஏழு அறைகளில் அவளை உட்கார வைத்தும் படுக்க வைத்தும் பார்த்திருந்தார்கள்; நிற்க வைத்துப் பார்த்த முதல் ஆள் அவர்தான். அன்று வழியெல்லாம் மகள் ஒன்றும் பேசவில்லை. சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது மட்டும், “அவர் நம்புறார்மா” என்றாள்.

அதன் பின் அவர் சொல்லிக்கொடுத்த முறையில் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கினோம். காலையில், பல் துலக்கிய பின், காபிக்கு முன்பு, பத்து நிமிடம் படுக்க வைத்து ஓர் அளவு எடுப்போம். பிறகு கூடத்துச் சுவரை ஒட்டி, குதிகால்கள் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்குமாறு, தோள்களை மட்டும் சுவரில் சாய்த்து நிற்க வேண்டும். காலை ஆட்டக் கூடாது, எடையை மாற்றி மாற்றி நிற்கக் கூடாது, பேசக் கூடாது. ஒன்றாவது, மூன்றாவது, ஐந்தாவது, பத்தாவது நிமிடங்களில் அளவு எடுப்போம். நிற்கும்போது கை தொங்கினால் அளவு பொய்யாகக் கூடிவிடும் என்பதால், நான் அவள் எதிரே நின்று அவள் முன்கையை என் தோள்மேல் தாங்கிக்கொள்வேன். அவள் என்னைவிட அரை அடி உயரம். என் தோளில் கை வைத்தால் பட்டை சரியாக அவள் நெஞ்சுக்கு நேராக வரும். அந்தப் பத்து நிமிடமும் அவள் முகம் என் முகத்துக்கு ஓர் அடி தூரத்தில் இருக்கும். மூன்றாவது நிமிடத்தில் உதட்டோரம் வெளுக்கத் தொடங்கும். ஆறாவது நிமிடத்தில் பாதங்கள் கருஞ்சிவப்பாக மாறும். எட்டாவது நிமிடத்தில் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக அரும்பும். இத்தனை மாதமாக அவள் சொல்லிக்கொண்டிருந்தது என் கண்ணெதிரே நடப்பதை நான் பார்த்தது அப்போதுதான்.

முதல் நாள் எங்களுக்கு வந்த எண்கள் இவை: படுத்திருக்கையில் 104/66, நாடி 68, நின்ற முதல் நிமிடத்தில் 106/70, நாடி 96, ஐந்தாவது நிமிடத்தில் 104/74, நாடி 112, பத்தாவது நிமிடத்தில் 106/76, நாடி 118. பிபி இறங்கவே இல்லை. நாடி மட்டும் 50 கூடியிருந்தது. இதை மருத்துவர் சொல்லாமல் வீட்டில் யாரும் தாமாகச் செய்து பார்க்க வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். மயங்கி விழும் ஆபத்து உண்மையிலேயே உண்டு. பக்கத்தில் ஆள் வேண்டும், பின்னால் கட்டிலோ மெத்தையோ இருக்க வேண்டும், தாங்கவில்லை என்று பிள்ளை சொன்ன நொடியில் நிறுத்திவிட வேண்டும். நாங்கள் நான்கு முறை பாதியில் நிறுத்தியிருக்கிறோம்.

என் கணவர் துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் மேற்பார்வையாளர். நல்ல மனிதர், ஆனால் அதுவரை, விடிந்தும் எழாமல் கிடக்கும் பெண்ணைப் பார்த்து அவருக்கு ஏற்பட்ட பயம் கோபமாகத்தான் வெளிப்பட்டுக்கொண்டிருந்தது. இந்த எண்களைக் காட்டியபோது, “நின்னா எல்லாருக்கும் கொஞ்சம் கூடத்தான் செய்யும்” என்றார். அது உண்மைதான், எழுந்து நின்றால் நாடி 10 முதல் 20 வரை கூடுவது இயல்பு. ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக அதே சுவரில் நின்றோம். எனக்கு 11 கூடியது, பத்தாம் வகுப்பு படித்த மகனுக்கு 14, அவருக்கு 12. கடைசியாக மகள் நின்றாள், 46. அவர் பட்டறையில் கேஜை நம்பி வேலை செய்பவர். திரையில் இருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே சிறிது நேரம் நின்றுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டார். மாலையில் இரண்டு பிளாஸ்டிக் முக்காலிகளுடன் வந்தார். ஒன்றைக் குளியலறையில் ஷவருக்குக் கீழே வைத்தார், இன்னொன்றைச் சமையலறையில் அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து ‘சோம்பல்’ என்ற சொல் வந்ததே இல்லை. கருவியின் தரத்தைப் பற்றி எழுதும்போது இதையும் அதன் கணக்கிலேயே சேர்க்கிறேன்.

இது நோய்க்குப் பெயர் வைத்துவிட்டதா என்றால், இல்லை. எழுந்து நின்ற பத்து நிமிடங்களுக்குள் பிபி இறங்காமலேயே நாடித்துடிப்பு 30 அல்லது அதற்கு மேல் கூடுவதை முதன்மை அடையாளமாகக் கொண்ட ஒரு கூட்டறிகுறி உண்டு. சுருக்கமாக ‘பாட்ஸ்’ என்கிறார்கள். 12 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அந்த எல்லை 40. 1993-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்களின் ஆய்வு வழியாக இந்தப் பெயர் நிலைபெற்றது. இளம் பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு தொடங்குவதும் உண்டு. ஆனால் நீரிழப்பு, இரத்தசோகை, தைராய்டு மிகை, சில மருந்துகள், நீண்ட நாள் படுத்தே கிடந்ததால் உடம்பு தளர்ந்துபோதல் ஆகிய பல காரணங்களாலும் நாடி இப்படி ஏறும். ஓராண்டில் நாங்கள் 83 முறை சுவரில் நிற்க வைத்துப் பார்த்ததில் 58 முறை 30-க்கு மேல் கூடியது. 25 முறை கூடவில்லை. மருத்துவர் அந்தப் பெயரைக் கோப்பில் எழுதி, அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். ஒவ்வொரு முறை போகும்போதும் நான் முதலில் பார்ப்பது அந்தக் கேள்விக்குறியைத்தான். அது இன்னும் அங்கேயே இருக்கிறது. படுக்கையோடு சாய்த்து நிறுத்திப் பார்க்கும் பரிசோதனைக்கும், வேறு சில பரிசோதனைகளுக்கும் அக்டோபரில் சென்னையில் நாள் கொடுத்திருக்கிறார்கள்.

கருவியின் குறைகளுக்கு வருகிறேன். என்னை மிகவும் வருத்தியது நினைவகம். அளவுகள் பத்திரமாக இருக்கும், ஆனால் பேட்டரியை மாற்றினால் கடிகாரம் தொடக்க நிலைக்குப் போய்விடும். அதைக் கவனித்துத் திருத்தாவிட்டால் அடுத்து வரும் அளவுகள் எல்லாம் தவறான தேதியில் பதியும். 11 நாள் அளவுகள் எனக்கு அப்படி வீணாயின. மேலும், 60 நிரம்பிய பின் பழையது ஒவ்வொன்றாகத் தானாக அழியும். ஒரு தடவை சுவரில் நின்றாலே ஐந்து அளவுகள் ஆகிவிடும் நிலையில், 60 என்பது ஒன்றரை மாதத்துக்குக்கூட வராது. நான் கணித ஆசிரியை. உடனே 192 பக்க நோட்டு ஒன்றில் கட்டம் போட்டுவிட்டேன். தேதி, படுத்த நாடி, நின்ற நாடி, எத்தனை மணி நேரம் தூங்கினாள், மாதவிடாயின் எத்தனையாவது நாள், எவ்வளவு தண்ணீர் குடித்தாள், முந்தின நாள் என்ன வேலை செய்தாள் என்று ஒரு நாளுக்கு ஒரு வரி. மாதவிடாய்க்கு முந்திய நான்கைந்து நாட்கள் அவளுக்கு மிக மோசமாக இருக்கின்றன என்பது மூன்றாவது மாதம் அந்த நோட்டில்தான் தெரிந்தது. மருத்துவரும் கருவியைக் கேட்பதில்லை, நோட்டைத்தான் கேட்கிறார்.

இன்னொரு குறை, ஓர் அளவு முடிய 40 விநாடி வரை ஆகிறது. அந்த நேரத்துச் சராசரி நாடியைத்தான் திரை காட்டும். எழுந்த கணத்தில் வரும் திடீர் ஏற்றத்தை அது தவறவிடும். சீரற்ற துடிப்பு என்று ஓர் இதயப் படக்குறி அவ்வப்போது எரியும். முதல் முறை எரிந்தபோது இரவு பதினொரு மணிக்கு ஆட்டோ பிடித்து ஓடினோம். அவள் கையை அசைத்ததால் வந்தது என்றார்கள். அந்தக் குறி வந்தால் பதறாமல் இன்னொரு முறை பார்க்க வேண்டும், திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று கையேட்டிலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம். அடாப்டரைத் தனியாக விற்கிறார்கள். எங்களைப் போல் அடிக்கடி பயன்படுத்துபவர்கள் முதல் நாளே வாங்கிவிடுவது நல்லது.

துல்லியத்தைப் பொறுத்தவரை எனக்குக் குறையில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கருவியை மருத்துவரிடம் எடுத்துச் சென்று, அவருடைய கருவியோடு ஒப்பிடுகிறோம். இதுவரை 4 மி.மீ.-க்கு மேல் வித்தியாசம் வரவில்லை. வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஐஎஸ்ஓ 81060-2 என்ற தர அளவு. குறைந்தது 85 பேரிடம் சோதித்து, சராசரிப் பிழை 5 மி.மீ.-க்குள்ளும், பிழையின் பரவல் 8 மி.மீ.-க்குள்ளும் இருந்தால்தான் ஒரு கருவி அதில் தேறும். தேறிய மாடல்களின் பட்டியல் ‘ஸ்ட்ரைட் பிபி’ என்ற இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்க்காமல் மாடல் எண்ணையும் சேர்த்துத் தேட வேண்டும். விலையைப் பற்றி ஒரு சொல்: 2021 ஜூலையில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் பிபி கருவி உள்ளிட்ட ஐந்து கருவிகளின் வணிக லாபத்துக்கு 70 சதவீதம் என்று வரம்பு வைத்தது. நாங்கள் வாங்கியபோது ஒரே மாடலுக்குக் கடைக்குக் கடை 600 ரூபாய் வரை வேறுபாடு இருந்தது; நான்கு கடை ஏறி இறங்குவதில் தவறில்லை.

இரண்டு பேருக்கான நினைவகத்தில் முதல் இடம் மகளுக்கு, இரண்டாவது இடம் என் மாமியாருக்கு. அவருக்குப் பதினைந்து ஆண்டுகளாக இரத்தக் கொதிப்பு; உப்பைக் குறைக்க வேண்டும். மகளுக்கோ, உப்பும் தண்ணீரும் கூடுதலாகக் கொடுக்கச் சொல்லி மருத்துவர் அளவு எழுதிக்கொடுத்திருக்கிறார். ஒரே கருவி, ஒரே அடுப்பு, நேர் எதிரான இரண்டு சாப்பாடு. குழம்பை அரை உப்பில் இறக்கி, மகளின் பங்கில் மட்டும் பிறகு உப்புச் சேர்க்கிறேன். பிபி கருவி வீட்டுக்கு வந்தாலே உப்பைக் குறைக்க வேண்டும் என்று எண்ணும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. முதல் ஐந்து வாரத்தில் நானே மகளுக்கும் உப்பைக் குறைத்துவிட்டேன், அவள் மேலும் சோர்ந்தாள். அந்த நாட்களில் யாருக்கும் சொல்லாமல் வடித்த கஞ்சியில் உப்புக் கல் போட்டுப் பேத்திக்குக் கொடுத்துவந்தவர் என் மாமியார். “காய்ச்சக்காரப் புள்ளைக்கு உப்புக் கஞ்சி குடுக்காம எப்படி?” என்பது அவர் நியாயம். மருத்துவர் அதைக் கேட்டுவிட்டு, தொடர்ந்து கொடுக்கச் சொன்னார். (சிறுநீரகக் கோளாறோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்களுக்கு இது ஆகாது, மருத்துவரைக் கேட்காமல் யாரும் உப்பைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.)

கருவியின் குற்றமல்லாத ஒரு தீமையையும் எழுதியாக வேண்டும். சென்ற ஆண்டு தீபாவளியை ஒட்டிய வாரங்களில் நான் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினைந்து முறை அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் சாப்பிட்டு எழுந்தால் பட்டை, குளித்து வந்தால் பட்டை, தோழியுடன் பேசிச் சிரித்துவிட்டு வந்தால்கூடப் பட்டை. மேற்கையில் பட்டையின் அச்சு சிவப்புக் கோடாகப் பதிந்திருந்தது. ஒரு நாள் அவள் கையை நீட்டாமல், “அம்மா, நான் எப்படி இருக்கேன்னு என்னைக் கேளுங்க, அதைக் கேக்காதீங்க” என்றாள். அன்றிலிருந்து நாங்களே ஒரு வரையறை வைத்துக்கொண்டோம்: சுவர்ச் சோதனை செவ்வாயும் வெள்ளியும் மட்டும், மற்ற நாட்களில் மாலையில் ஒரே ஓர் அளவு, அதையும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு. முதலில் எப்படி இருக்கிறது என்று அவளைக் கேட்டு, அவள் சொன்னதை நோட்டில் எழுதிய பிறகுதான் கருவியைத் தொட வேண்டும். மகன் அந்த ஆண்டு பொதுத்தேர்வு எழுதினான். காலை நேரத்தில் எண்களைப் படித்துச் சொல்லி எழுதுவது அவன் வேலையாக இருந்தது. தேர்வுக்கு முந்தின வாரம் அவனும் ஒரு நாள் தன் கையை நீட்டி, “எனக்கும் பாருங்கம்மா” என்றான். அவனுக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. பட்டையைச் சுற்றிவிட்டு, அளவு முடிந்த பிறகும் வெகுநேரம் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

நோயைக் கண்டுபிடிக்கும் என்ற எண்ணத்தில் இந்தக் கருவியை வாங்காதீர்கள், கண்டுபிடிக்காது. பிள்ளை எந்த நேரத்தில், எந்த நிலையில் துன்பப்படுகிறதோ, அந்த நேரத்தில் அந்த நிலையில் எடுத்த எண்களை மருத்துவரின் மேசைமேல் வைப்பதற்காக வாங்குங்கள். மருத்துவமனையில் மகளுக்குக் கிடைப்பது பத்து நிமிடம். அதில் உட்கார்ந்த நிலையில் எடுக்கும் ஓர் அளவு அவளுடைய நாளைச் சொல்லாது. நோட்டை எடுத்துப்போகத் தொடங்கிய பிறகு, எங்களிடம் யாரும் பரீட்சை பயம் என்று சொன்னதில்லை. மகள் இப்போது காலையில் அரைமணி நேரம் முக்காலியில் உட்கார்ந்து காய் நறுக்கித் தருகிறாள். விட்டுப்போன தாள்களில் இரண்டை ஏப்ரலில் எழுதினாள், கல்லூரி அவளுக்குத் தனி அறையும் இடையில் படுக்க அனுமதியும் கொடுத்தது. சில வாரங்களில் மறுபடி படுக்கையிலேயே கிடக்கிறாள்.

14 மாதப் பயன்பாட்டில் கருவி ஒரு முறைகூடப் பழுதாகவில்லை. காற்றுக் குழாய் நன்றாக இருக்கிறது. திரையும் தெளிவாக இருக்கிறது. சிறிய பட்டையின் ஒட்டும் பகுதி மட்டும் நூல் பிரிந்து, காற்று ஏறும்போது சரசரவென்று கழன்றுவிடுகிறது. இப்போதைக்கு அதன்மேல் ஒரு துணி நாடாவைக் கட்டிச் சமாளிக்கிறோம். புதிய பட்டைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். விலை 720 ஆகிவிட்டது, சென்னை போவதற்கு முன் வந்துவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.